வெந்நீர் உடைப்பு

வரப்போரத்துச் சேற்றில் பதிந்திருந்த கால்தடம் மூன்று நாளாகியும் கரையவில்லை. வெதுவெதுப்பான நீர் அதன்மேல் ஓடிக்கொண்டே இருந்தும் விளிம்புகூட மழுங்காமல், ஆரஞ்சும் பச்சையுமாக மினுங்கியது. எழில்மொழி குனிந்து தொட்டாள். சேறு இல்லை, கல். சுண்டுவிரல் இல்லாத வலது கால்.

மண்வெட்டி பட்டுச் சுண்டுவிரலை இழந்த அவள் அப்பா ஐயாவு, போன வருஷம் ஐப்பசியில் இறந்துபோனார்.

பயந்தாள். பயந்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல்பட்டாள். கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்துகிறவள் அவள். பக்கத்து வயலில் ஒரு கம்பெனி எண்ணெய் தேடித் துளைத்து, மூடாமல் விட்டுப்போன குழாயிலிருந்து நான்கு மாதமாக வெந்நீர் பொங்கி, அழுகிய முட்டை நாற்றத்தோடு குட்டையாகத் தேங்கி நிற்கிறது. அதில் வாழும் நுண்ணுயிர்கள் நீரிலிருக்கும் கரியமில வாயுவை உறிஞ்ச, கரைந்திருந்த சுண்ணாம்பு அவற்றின் கொழகொழப்பில் படிந்து இறுகும். தாங்கள் கட்டிய கல்லிலேயே புதைந்துபோகாமலிருக்க அவை வெளிச்சத்தை நோக்கி ஏறும். ஏறிய இடத்தில் மறுபடியும் கல். அப்பாவின் பழைய தடம் ஒன்றில் அப்படிப் படிந்திருக்கும், அவ்வளவுதான்.

மறுநாள் இரண்டாவது தடம் இருந்தது. வரப்பை நோக்கி ஓரடி கிட்டத்தில்.

"நாங்கல்லாம் நெலத்த அந்தக் கம்பெனிக்கே எழுதிக் குடுத்துட்டோம். நீயும் குடுத்துட்டுக் கெளம்பும்மா" என்றார் பக்கத்து வயல்காரர் இராஜாங்கம். அவர் குட்டையின் பக்கமே திரும்பவில்லை.

"பண்ணையில கூலிக்கு நட்ட குடும்பம் சித்தப்பா நாங்க. பட்டாவுல அப்பா பேரு ஏறவே அறுபது வயசாச்சு. இந்த எடத்த விட்டு அசைய மாட்டேன்."

"ஒங்கப்பாவும் உடைப்புல படுத்துக்கிட்டு இதையேதாம்மா சொன்னாரு."

வரப்பு உடைத்துக்கொண்டால், மண் வந்து சேரும்வரை ஒரு ஆள் குறுக்கே படுத்துத் தண்ணீரை மறிப்பது இந்தப் பக்கத்து வழக்கம். அப்பா மழையில் அப்படிப் படுத்தவர். எழுந்திருக்கவில்லை.

ஐந்தாம் நாள், உச்சி வெயிலில், வரப்பு உடைத்துக்கொண்டது.

பால் பிடித்த கதிர்கள் தலைசாயக் காத்திருந்தன. வெந்நீர் உள்ளே புகுந்தால் ஒரு மணி நேரத்தில் வேர் வெந்துவிடும். போனில் கத்தினாள். "சித்தப்பா, மண்ணு மூட்டையோட ஓடியாங்க!" கத்திவிட்டு யோசிக்கவே இல்லை. உடைப்பின் குறுக்கே படுத்தாள்.

முதுகில் சூடு. பொறுக்கக்கூடிய சூடுதான். வயல் பக்கம் ஒழுகல் நின்றது. "இப்ப வா பாப்போம்" என்றாள் தண்ணீரிடம். சிரிப்புக்கூட வந்தது.

பிறகு அந்தச் சத்தம். அப்பளம் நொறுங்குவதுபோல. குட்டைக்குள்ளிருந்து.

ஓரடி. நின்றது. இன்னொரு அடி.

திரும்பிப் பார்க்க நினைத்தாள். கூந்தல் வரவில்லை. மண்ணோடு ஒட்டியிருந்தது.

முதுகுக்குப் பின்னால் ஏதோ கனமாகப் படுத்தது. அவள் பாதத்தின்மேல் இன்னொரு பாதம். சொரசொரப்பு. வெதுவெதுப்பு. நான்கே விரல்.

"வந்துட்டேம்மா! எந்திரி!" இராஜாங்கத்தின் குரல்.

எழப்பார்த்தாள். தோள் வரவில்லை. இடுப்பு வரவில்லை. நாக்கில் சுண்ணாம்பு.

"அசைய மாட்டேன்" என்றது ஒரு குரல், காதருகே. அவள் வாய் திறக்கவில்லை.

மூட்டை பொத்தென்று விழுந்தது. இராஜாங்கம் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் பார்த்தார். பிறகு ஓடினார்.

எழில்மொழி கண்ணை மட்டும் தாழ்த்தினாள். கை மணிக்கட்டுவரை வெள்ளை. வெள்ளைக்கு மேலே, வெயிலை நோக்கி, பச்சை மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

வயலுக்குள் ஒரு சொட்டுகூடப் போகவில்லை.