ஆஸ்முண்டுக்குச் சொன்ன விலாசம்

வெள்ளிக்கிழமை காலை எட்டு நாற்பது. ஸ்கார்வ்நெஸ் ஊர்த் தேவாலயத்தின் பக்கக் கட்டிடப் படியில் ஆஸ்முண்ட் உட்கார்ந்த வாக்கிலேயே செத்துப் போயிருந்தார். தாடி முழுக்க உறைபனி. மடியில் ஒரு துணிப்பை.

முதலில் பார்த்தவள் தேவாலயத்தைக் கூட்டிப் பெருக்கும் ஒட்னி.

"என்னத்தச் சொல்ல, ராக்னில். குடிச்சிட்டு வழி தெரியாம வந்து உக்காந்திருப்பாரு. முப்பது வருஷமா இதே கதைதானே?"

காவல் அதிகாரி ராக்னில் குனிந்து முகர்ந்து பார்த்தாள். மது வாடை இல்லை. அங்கிக்குள் இஸ்திரி போட்ட சட்டை. துணிப்பையில் செய்தித்தாள் சுற்றிய ஒரு காபிக் கோப்பை. சட்டைப் பையில் ஒரு துண்டுச் சீட்டு, ஆஸ்முண்டின் நடுங்கிய கையெழுத்தில்: 'வியாழன் 7 மணி. தேவாலயப் பக்கக் கட்டிடம். கோப்பை கொண்டுபோகணும்.'

"நேத்து இங்க என்ன நடந்துச்சு?"

"இங்கயா? குழாய் வெடிச்சு அக்டோபர்லயே பூட்டியாச்சே! அதுக்கு முன்னாடி குடியை விட்டவங்க வியாழக்கிழமை கூடுவாங்க. ஆறு மணிக்கு வந்து, நம்ம அலமாரிக் கோப்பையில காபி குடிச்சிட்டு, கழுவாமலே போயிடுவாங்க. இப்ப எங்க போறாங்களோ, யாருக்குத் தெரியும்?"

கதவில் அந்த வியாழக்கிழமைக் கூட்டத்தின் பழைய அறிவிப்பு இன்னும் வெளுத்துப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது. ராக்னில் அதை இரண்டு முறை படித்தாள்.

பதினொன்றே கால். மருத்துவர் தொலைபேசியில் சொன்னார்: "ரத்தத்துல ஒரு சொட்டு மது இல்லைங்க. குளிர்ல இதயம் நின்னிருக்கு. நேத்து ராத்திரி ஒன்பது மணி வாக்குல இருக்கும்."

ஒரு மணி. மகள் தூரிட் மீன் தொழிற்சாலை உடுப்போடு சமையலறையில் உட்கார்ந்திருந்தாள்.

"பத்தொன்பது நாளா அப்பா தொடவே இல்ல. நான்தான் குடியை விட்டவங்க கூட்டத்து நம்பரைக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை பேசினாரு."

"யார்கிட்ட?"

"பேர் சொல்ல மாட்டாங்களாம். சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டேன்னாரு. சட்டையை அவரே இஸ்திரி போட்டாரு, பாவம்."

ராக்னில் காருக்குள் உட்கார்ந்து அதே எண்ணை அழைத்தாள். ஒரு பெண் எடுத்தாள்.

"வியாழன் ஏழு மணிக்கு, பாலர் பள்ளியில. உங்க கோப்பையை எடுத்துட்டு வந்துருங்க. இங்க குழந்தைங்க கோப்பைதான் இருக்கு, ஒரு வாய்க்குக்கூடப் பத்தாது."

"இந்த வாரம் செவ்வாய்க்கிழமை போனை எடுத்தது யாருங்க?"

"போன் எடுக்க வெள்ளிக்கு வெள்ளி ஆள் மாறுவோம். பேரெல்லாம் வெளிய சொல்றதில்லைங்க." தொடர்பு அறுந்தது.

அடுத்த வியாழன் மாலை ஏழு மணி. பாலர் பள்ளியின் குட்டி நாற்காலிகளில் முழங்கால் முகவாயில் இடிக்க ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ராக்னில் தொப்பியைக் கழற்றினாள்.

"ஆஸ்முண்ட் போன் பண்ணப்ப எடுத்தது யாருன்னு தெரியணும்."

படகுத் தச்சர் ஹல்வர் எழுந்தார். இருவரும் குழந்தைகளின் மேலங்கிகள் தொங்கும் நடைக்கு வந்தார்கள்.

"நான்தான். பாலர் பள்ளின்னுதான் சொன்னேன். தேவாலயத்துல அந்தப் பழைய நோட்டீஸைப் பாத்துக் குழம்பியிருப்பாரு."

"பழைய நோட்டீஸ்ல ஆறு மணின்னு இருக்கு, ஹல்வர். அவர் சீட்டுல ஏழு."

"நேரத்தை நான் சொன்னேனே."

"கோப்பையையும் நீங்கதான் சொன்னீங்க. அந்தக் கட்டிடத்துல அலமாரி நிறையக் கோப்பை. சொந்தக் கோப்பை கொண்டுவர்றது இங்க வந்தப்புறம்தான். நீங்க சொல்லச் சொல்ல அவர் எழுதினதுல நேரம் புதுசு, கோப்பை புதுசு. நடுவுல இடம் மட்டும் எப்படிப் பழசாச்சு?"

ஹல்வர் சுவரில் சாய்ந்தார்.

"குரல் கேட்டதுமே தெரிஞ்சுபோச்சு. பதினோரு வருஷம் முன்னாடி அந்தாளு குடிச்சிட்டுப் படகைப் பாறையில ஏத்துனான். அதுல இருந்த என் தம்பி இன்னும் கடலுக்குள்ளதான் இருக்கான். அந்தாளுகூட ஒரே வட்டத்துல உக்காந்து அவன் அழுறதை நான் கேக்கணுமா? அதான் பழைய இடத்தைச் சொன்னேன். பூட்டின கதவை இழுத்துப் பாத்துட்டு வீட்டுக்குப் போயிடுவான்னு நெனச்சேன். எதுலயும் நிலைச்சு நிக்காத மனுஷன். ரெண்டு மணி நேரம் நிப்பான்னு யாரு கண்டா?" கைகளை நீட்டினார். "கூட்டிட்டுப் போங்க."

"தப்பான கதவைக் காட்டினதுக்குச் சட்டத்துல எந்தப் பிரிவும் இல்ல."

"அப்ப நான் என்ன செய்ய?"

"தூரிட்டுக்கு உண்மை தெரியணும். நான் சொல்லணுமா, நீங்க சொல்றீங்களா?"

ஏழு ஐம்பது. தூரிட்டின் வாசல். ஹல்வர் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். ஏசுவாள், அடிப்பாள் என்று காத்து நின்றார். தூரிட் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு ஏழே காலுக்கு அப்பா எனக்குப் போன் பண்ணாரு. கதவு பூட்டியிருக்கு, வந்துடட்டுமான்னு கேட்டாரு. சாக்குச் சொல்லாதீங்கப்பா, யாராவது வர்ற வரைக்கும் அங்கயே நில்லுங்கன்னேன்."

ஆஸ்முண்டின் தொலைபேசியில் அந்த அழைப்பை ராக்னில் போன வெள்ளிக்கிழமையே பார்த்திருந்தாள். கேட்க மனம் வராமல் விட்டிருந்தாள்.

ஹல்வரை உள்ளே வரச் சொல்ல தூரிட்டுக்கு வாய் வரவில்லை. கதவைச் சாத்தவும் கை வரவில்லை.