குறுக்கே ஒரு பட்டை

மிளகின் உண்மையான பெயர் வேறு. ஆள் சின்னது, காரம் பெரியது என்று யாரோ கூப்பிட, அதுவே ஒட்டிக்கொண்டது.

அவள் வீட்டுக்கும் சித்தப்பா வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். தெருவிலிருந்து பார்த்தால் ஒரே வீடு போலத்தான் தெரியும். ஆனால் தண்ணீர்த் தொட்டியை யார் கழுவுவது என்று ஆரம்பித்த சண்டையில், அப்பாவும் சித்தப்பாவும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

போன வாரம் சித்தப்பா தன் வீட்டு முகப்புக்கு வெள்ளையடித்து, குறுக்கே பச்சைப் பட்டைகள் போட்டார். உடனே அப்பாவும் பெயிண்டர் அக்காவை வரவழைத்துவிட்டார்.

"அவன் குறுக்கே போட்டானா? நமக்கு நெடுக்கே போடுங்க!"

"போடலாம் சார். முதல்ல காகிதம் ஒட்டிப் பார்ப்போம். பெயிண்ட் அடிச்சப்புறம் அழுது பிரயோஜனம் இல்லை" என்றார் பெயிண்டர் அக்கா.

கறுப்புக் காகிதத்தை நீளநீளமாக வெட்டி, மேலிருந்து கீழாக ஒட்டினார்கள். எல்லோரும் தெருவைக் கடந்து போய் நின்று பார்த்தார்கள். குறுகலான வீடு இன்னும் ஒல்லியாகி, கம்பி கம்பியாகத் தெரிந்தது.

சைக்கிள் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன சார், எப்ப விடுதலை?"

மிளகுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்பா விறுவிறுவென்று போய்க் காகிதங்களைக் கிழித்தார்.

"சரி, குறுக்கேயே போடுங்க. ஆனா அவன் பட்டைக்கு ஒரு அடி மேலே!"

"ஐயோ அப்பா! பொத்தான் மாத்திப் போட்ட சட்டை மாதிரி இருக்கும்" என்றாள் மிளகு. "பார்க்கிறவங்க சித்தப்பாவைச் சொல்ல மாட்டாங்க. அப்புறமாப் போட்ட நம்மளைத்தான் சொல்வாங்க."

அப்பா தாடையைச் சொறிந்தார். பிறகு, "சேர்த்தே போட்டுத் தொலைங்க" என்றார்.

பெயிண்டர் அக்கா நீலப்பொடி தடவிய நூலை எடுத்தார். "கோடு நேரா வரணும்னா, அந்தப் பட்டையோட கடைசியில ஒருத்தர் பிடிக்கணும். அந்த வீட்டு மாடி ஜன்னல்லதான் நிக்கணும்."

அப்பா வானத்தைப் பார்த்தார். மிளகு நூல் முனையோடு பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.

"சித்தப்பா, உங்க கோட்டை எங்க வீடு வரைக்கும் நீட்டிக்கலாமா?"

"எந்தக் கோட்டை? ராஜா கோட்டையா?"

"பச்சைக் கோட்டை. ரொம்ப நல்லா இருக்கு. இந்த முனையை நீங்க பிடிச்சா, எங்களுக்கும் அப்படியே வரும்."

சித்தப்பாவின் மீசை துடித்தது. "நல்லா இருக்கா? சரி, குடு."

ஒரு ஜன்னலில் சித்தப்பா. மறு ஜன்னலில் அப்பா. நடுவே ஏணியில் பெயிண்டர் அக்கா. வாசலில் மிளகு.

"மிளகு, உன் சித்தப்பாவை நூலை மேலே தூக்கச் சொல்லு" என்றார் அப்பா.

"சித்தப்பா, மேலே தூக்கணுமாம்!"

"என் முனை பட்டை மேலதான் இருக்கு. உங்க அப்பாவைக் கீழே இறக்கச் சொல்லு."

"அப்பா, கீழே இறக்கணுமாம்!"

"தொய்யுதே! இழுத்துப் பிடிக்கச் சொல்லு."

மிளகு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சட்டென்று வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

"எனக்குத் தொண்டை கட்டிடுச்சு. இனிமே நீங்களே பேசிக்குங்க."

காற்றில் நூல் ஆடியது.

"எனக்குக் கால் மரத்துப்போச்சு" என்றார் பெயிண்டர் அக்கா ஏணியிலிருந்து. "ரெண்டு பேர்ல யாராவது வாயைத் திறங்க."

அப்பா இரண்டு முறை இருமினார்.

"டேய்... கொஞ்சம் இழுத்துப் பிடிடா."

"பிடிச்சிட்டேண்ணா. நீ ஒரு விரல் கீழே இறக்கு."

"போதுமா?"

"இன்னும் கொஞ்சம். ஆங், அங்கேயே நில்லு!"

பெயிண்டர் அக்கா நடுவில் நூலைக் கட்டை விரலால் அழுத்தி, அப்பா பக்கம் சுண்டினார். டப்! பச்சைப் பட்டை முடிந்த இடத்திலிருந்து நீலக் கோடு ஒன்று நேராக ஓடியது.

"அடடா!" என்று இரண்டு ஜன்னல்களிலிருந்தும் குரல் வந்தது.

"இன்னும் ரெண்டு பட்டை இருக்கு. நூலை விட்டுடாதீங்க" என்றார் பெயிண்டர் அக்கா.

இரண்டாவது பட்டைக்கு அவர்கள் தண்ணீர்த் தொட்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். மூன்றாவது பட்டைக்கு, "பேச்சை நிறுத்திட்டு நூலைப் பிடிங்க சார்!" என்று பெயிண்டர் அக்கா கத்த வேண்டியதாயிற்று.