பம்பருக்குள் எரிந்த பகல் விளக்கு

மழை விட்டுவிட்டுப் பெய்த ஒரு மதியம், மாப்பிள்ளை தன் சாம்பல் நிறக் காரைப் பட்டறைக்குள் கொண்டுவந்து, சுவரைப் பார்த்தாற்போல் நிறுத்தினார். பட்டறைக்காரனை எல்லோரும் 'ஃபியூஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். கார்களுக்கு வயரிங் செய்பவன் என்பது பாதிக் காரணம். கோபம் வந்தால் சட்டென்று எரிந்துவிழுவான் என்பது மீதி.

இந்த மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்த தங்கை இறந்துபோனதிலிருந்து அந்தக் கோபம் தணியவே இல்லை. விடியற்காலை மூடுபனியில் சாலையோரம் நடந்துபோனவளை ஏதோ ஒரு வண்டி அடித்துத் தள்ளிவிட்டு ஓடிவிட்டது. யாருடைய வண்டி என்று இன்னும் தெரியவில்லை. வெகுநேரம் உயிரோடு கிடந்திருக்கிறாள், உடனே தூக்கி வந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்ன சொல் அவனை உள்ளுக்குள் வறுத்துக்கொண்டிருந்தது.

"மச்சான், இதைக் கொஞ்சம் மாட்டிக் குடு." மாப்பிள்ளை ஒரு பெட்டியை நீட்டினார். பகலிலும் எரியும் இரண்டு எல்இடி விளக்குப் பட்டைகள். "பனியில எதிர்ல வர்றவங்களுக்கு வண்டி தெரியணும். உன் தங்கச்சிக்கு நடந்தது இன்னொருத்தருக்கு நடக்கக் கூடாது. ரெண்டு பட்டறையில குடுத்துப் பாத்தேன். பாதியிலேயே வண்டிய எடுத்துட்டுப் போன்னுட்டாங்க."

"ஏன்?"

"ஏதோ வயர் கோளாறாம்." மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பம்பரைக் கழட்டாத. மேலாப்புல மாட்டிடு, போதும்."

ஃபோன் வந்து அவர் வாசலுக்குப் போனார். ஃபியூஸ் பாட்டரியைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். பட்டைகளை கிரில்லுக்குக் கீழே திருகிவிட்டு, வயரை உள்ளே இழுக்கக் குனிந்தான்.

பட்டைகள் எரிந்தன.

வயரின் முனைகள் அவன் கையில்தான் இருந்தன. மீட்டரை வைத்துப் பார்த்தான். பூஜ்யம். வெளிச்சமோ கூடிக்கொண்டே போனது. பட்டறையின் எண்ணெய் வாடை அமுங்கி, ஈரப் புல்லின் வாடை எழுந்தது. எதிர்ச் சுவரில் இரண்டு வெள்ளைத் திட்டுகள் விழுந்தன.

நடுவில் ஒரு நிழல்.

பெண்ணின் நிழல். காருக்கும் சுவருக்கும் இடையே யாருமே இல்லை.

பட்டையைப் பிடுங்கப் போனான்.

"ஆஃப் பண்ணாத அண்ணா."

தங்கையின் குரல்தான். ஆனால் அவள் இவ்வளவு ஆத்திரத்தோடு பேசி அவன் கேட்டதே இல்லை.

நிழல் கையைத் தூக்கிப் பம்பரைக் காட்டியது.

அவன் பம்பரைக் கழற்றினான். புதுப் பெயின்ட்டுக்குப் பின்னால் இரும்புப் பட்டை உள்வாங்கி வளைந்திருந்தது. அந்த வளைவில் மஞ்சள் மழைக்கோட்டின் கிழிசல் ஒன்று மாட்டிக்கொண்டிருந்தது. அதே கோட்டின் மீதியை ஆஸ்பத்திரியில் அவன் தன் கையால் வாங்கியிருந்தான்.

"கழட்டாதேன்னு சொன்னேனே மச்சான்…" வாசலிலிருந்து மாப்பிள்ளையின் குரல் வந்தது.

ஃபியூஸ் திரும்பினான். கையில் பெரிய ஸ்பேனர்.

"என் தோள்ல சாஞ்சுதானேடா அழுத?"

மாப்பிள்ளை சுவரைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சண்டை போட்டுட்டு நடந்து போயிட்டா. கூட்டிட்டு வரத்தான் பின்னாலயே போனேன்."

"லைட்டு?"

"போடல. பாத்தா ஓடிருவாளேன்னு…"

"இறங்கிப் பாத்தியா?"

"பாத்தேன்."

"உயிர் இருந்துச்சா?"

"தூக்கிவிடுங்கன்னு சொன்னா."

ஃபியூஸுக்குக் கண் இருண்டது. ஸ்பேனரை ஓங்கினான். ஒரே அடி. மண்டை பிளந்திருக்கும்.

சில்லென்று ஒரு கை அவன் மணிக்கட்டைப் பிடித்தது.

"விடு அண்ணா. அவர் எனக்கு வேணும்."

ஸ்பேனர் தரையில் விழுந்தது. விளக்குகள் அணைந்தன. ஃபியூஸ் வாசலை மறித்து நின்றபடி போலீசுக்கு ஃபோன் செய்தான். மாப்பிள்ளை ஓட முயலவில்லை. வந்த போலீசாரிடம் தன்னைச் சீக்கிரம் கூட்டிப்போகச் சொல்லிக் கெஞ்சினார். காரை வேறொரு வண்டியில் கட்டி இழுத்துப் போனார்கள்.

அன்றிரவு ஃபியூஸ் பல நாள் கழித்து அசந்து தூங்கினான். எல்லாம் முடிந்துவிட்டது, அவளுக்கும் ஆறியிருக்கும் என்று நினைத்தான்.

காலையில் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு ஃபோன் செய்தார்.

"ஏம்ப்பா, அந்த வண்டியில என்ன வயரிங் பண்ணி வச்சிருக்க?"

"ஒண்ணும் பண்ணல சார். பாட்டரிகூட இங்கதான் கெடக்கு."

"நேத்து காம்பவுண்டுச் சுவரைப் பாத்துதான் நிறுத்துனோம். சாவி என் கையில இருக்கு. இப்போ திரும்பி லாக்கப் ஜன்னலைப் பாத்துட்டு நிக்குது. ரெண்டு லைட்டும் எரியுது."

அவருக்குப் பின்னால் யாரோ கம்பியை உலுக்கிக்கொண்டு அலறுவது ஃபோனில் கேட்டது.

"அவளைத் தள்ளிப் போகச் சொல்லுங்க… ஜன்னல்கிட்ட வந்துட்டா…"