கேபிளின் மேல்முனை

மேல்மலை எடைக்கொட்டகையை மண் மூடி, தீபாவளி போய்த் தைப்பூசமும் வந்துவிட்டது. அந்தக் கொட்டகையில் முடிகிற கேபிள் மட்டும் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது. நியாயமாக அது அன்றே நின்றுபோயிருக்க வேண்டும். சுபத்ராவுக்கு அது நன்றாகத் தெரியும்.

அவள் பிறந்த காலத்தில் போட்ட கேபிள். ஆபீசில் தொடங்கி, தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஏறி, கொழுந்து நிறுக்கும் கொட்டகைகளின் கணினிகளையெல்லாம் ஒன்றாகக் கோத்து மேல்மலையில் முடியும். முடிகிற இடத்தில் விரல்நுனி அளவு பித்தளை மூடி ஒன்று உண்டு. அதைக் கழற்றினால் எல்லாக் கணினிகளும் ஒருசேர ஊமையாகிவிடும். ரிங்லெட் சந்தையில் கீரை விற்பவன்கூடக் கைபேசியில் கணக்குப் பார்க்கிற காலம் இது. தோட்டத்து மேனேஜர் லோகேஸ்வரன் சுற்றுலாக்காரர்கள் தேநீர் குடிக்கக் கண்ணாடி மண்டபம் கட்டினார். கேபிளை மாற்ற மட்டும் அவருக்கு மனம் வரவில்லை.

அந்த மூடி சுபத்ராவின் வீட்டில், சாமி படத்துக்குக் கீழே இருந்தது.

அவள் புருஷன் யோகேந்திரன்தான் கேபிளைப் பார்த்துக்கொண்டவன். துருவைத் தேய்க்க மூடியை வீட்டுக்குக் கொண்டுவந்தவன், காலையில் மறந்து அடுப்பு மேடையிலேயே வைத்துவிட்டுப் போனான். அவனுக்கு அது பெரிய விஷயமில்லை. விரலில் எச்சில் தொட்டு, கம்பி முனையைக் கிள்ளிப் பிடித்தாலே கணினிகள் ஓடும். யோகன் கைராசி என்று ஆபீசில் சிரிப்பார்கள். அன்று பேய்மழை. மேனேஜர் வாக்கி-டாக்கியில், "கொழுந்து எடை போட்டு முடியற வரைக்கும் கையாலயே புடிச்சு தஹான் பண்ணுலா, விட்டுராத" என்றார்.

"புடிச்சிட்டுத்தான் இருக்கேன், சார்."

ஆபீஸ் முழுக்கக் கேட்ட அவனுடைய கடைசிப் பேச்சு அது. பிறகு மண்சரிவு இறங்கி, கொட்டகையோடு அவனையும் மூடியது.

சில நாள் தோண்டினார்கள், விட்டுவிட்டார்கள். உடல் இல்லாமல் என்ன கருமாதி? அவள் தாலியைக் கழற்றவில்லை. மேனேஜர் அவன் வேலையை அவளுக்கே கொடுத்து, தோட்டம் கொடுத்த லயத்து வீட்டையும் விட்டுவைத்தார். பெரிய மனசு என்று ஊர் பேசியது. ஆளை விழுங்கியவர்கள் எலும்பைக்கூடத் திருப்பித் தரவில்லையே என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

நேற்று, தானா ராத்தா டவுனில் கணினிக் கடை வைத்திருக்கும் ஜாஃபர் வந்து கேபிளில் மீட்டர் வைத்துப் பார்த்தார்.

"மேல்முனை நல்லாத்தான் மூடியிருக்கு தங்கச்சி. முள்ளுதான் கொஞ்சம் ஏறி எறங்குது. மூச்சு விடற மாதிரி."

மேனேஜர் சிரித்தார். "அப்புறம் புதுசு எதுக்கு?"

சுபத்ரா மீட்டர் முள்ளையே பார்த்தாள். மூடி அவள் வீட்டில் இருக்கிறது. மேல்முனையை மூடியிருப்பது எது?

இன்று மதியம் மூடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மண்வெட்டியோடு கேபிளைப் பிடித்தபடி ஏறினாள். பனிமூட்டம் செடிகளின் தலையை மறைத்திருந்தது. தொழிற்சாலையிலிருந்து வாடும் கொழுந்தின் வாசனை பாதி மலைவரை கூடவே வந்து, ஒரு திருப்பத்தில் அறுந்தது; அதற்கு அப்பால் ஈரமண்ணும் அழுகிய வேரும் மட்டுமே மணத்தன. அவள் நின்றால் பின்னால் சருகு மிதிபடும் சத்தமும் நின்றது, நடந்தால் நடந்தது. தன் காலடிதான் என்று சொல்லிக்கொண்டாள். இடுப்பில் வாக்கி-டாக்கி இரைந்துகொண்டே இருந்தது.

கொட்டகை இருந்த இடத்தில் செம்மண் மேடு. கேபிள் அதற்குள் போனது.

தொட்டாள். இளஞ்சூடாக இருந்தது.

வெட்டினாள். கொஞ்சம்தான் வெட்டினாள். பிறகு கையால் பறித்தாள்.

ஒரு விரல். பிறகு கட்டைவிரல். மணிக்கட்டில் கோயில் கயிறு, அவள் கட்டிவிட்டது. கை அழுகவில்லை. நகமெல்லாம் மண். இரண்டு விரல்களும் கம்பி முனையைக் கிள்ளிப் பிடித்திருந்தன.

அழுகை முட்டியது. "விடுங்க. போதும். மூடியக் கொண்டாந்துட்டேன்."

விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். வந்துவிட்டன. கம்பி நழுவியது. அவனை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அந்த ஒரு நிமிடம் அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

"சுபத்ரா." வாக்கி-டாக்கி. மேனேஜர். "கம்ப்யூட்டர் எல்லாம் ரோசாக் ஆயிருச்சு, ஒண்ணும் ஓடல. கொழுந்து லோரி நிக்குது. மேலயா இருக்க? முனையக் கொஞ்ச நேரம் புடிச்சுக்க."

அவள் மூடியை எடுத்தாள்.

அந்தக் கை அசைந்தது.

மண்ணைத் துழாவியது. மூடியைத் தட்டிவிட்டது. கம்பியைத் தேடி எடுத்தது. அவள் கையைக் கண்டுபிடித்தது. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே முனையை வைத்து, அவள் விரல்களை அழுத்தி மூடியது. இழுத்தாள். விடவில்லை. மேலே சரிவில் ஒரு கல் உருண்டது.

"ஆ, வந்துருச்சு," என்றார் மேனேஜர். "அப்படியே தஹான் பண்ணு."

சுபத்ரா வாய் திறக்கவில்லை. உதட்டைக் கடித்து இறுக மூடியிருந்தாள்.

"புடிச்சிட்டுத்தான் இருக்கேன், சார்," என்றது வாக்கி-டாக்கி, அவளுடைய குரலில். இரண்டு கைகளின் மேலும் மண் மெல்ல இறங்கத் தொடங்கியது.