ஈரக்கோடு

அந்தக் கடையில் எல்லாப் பொருளும் தலைக்கு மேலே இருந்தது.

மண்குவளைகள், மரப்பொம்மைகள், ஊர்ப்படம் போட்ட அட்டைகள் என்று எதுவுமே கைக்கு எட்டவில்லை. கடைக்காரர் உயரமான ஏணியின் மேல்படியில் உட்கார்ந்தபடி, கேட்டதை எடுத்துக் கீழே நீட்டினார். கீழ்த்தட்டுகள் துடைத்துவிட்டது போலக் காலியாகக் கிடந்தன. அக்கா ஒரு குவளையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கைக்கோ அந்தக் காலித் தட்டுகளை விட்டுக் கண் நகரவில்லை.

முப்பத்தோரு வருஷம் ஓர் அணைக்கட்டில் நீர்மட்டம் குறித்தவள் அவள். ஓய்வு பெற்ற கையோடு அக்காதான் இந்த ஆற்றுப் பயணத்துக்கு இழுத்து வந்திருந்தாள். சின்னக் கப்பல், இருபது பயணிகள். காலையில் இந்தப் பழைய ஊரில் இறக்கிவிட்டு, மூன்று மணிக்குள் திரும்பிவிடச் சொல்லியிருந்தார்கள்.

"அக்கா, இங்க வெள்ளம் வரும்போல."

"ஆரம்பிச்சிட்டியா அளவுகோல்? வேலைக்குத்தான் ரிட்டயர்மெண்ட், வாய்க்குக் கிடையாதா?"

வாசலில் மஞ்சள் குடையோடு நின்ற உள்ளூர் வழிகாட்டியிடமே தங்கை கேட்டுவிட்டாள். "கடைசியா எப்பங்க வெள்ளம் வந்துச்சு?"

"வெள்ளமா? இந்த ஆறு ஒரு தடவைகூடக் கரையைத் தாண்டினதில்லைங்க." கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. சொல்லும்போது அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தான்.

அதன் பிறகு அவளால் வேடிக்கை பார்க்க முடியவில்லை. கல் பாவிய சந்துகளில் தங்கள் கூட்டத்தின் செருப்புச் சத்தத்தைத் தவிர வேறு காலடியே கேட்கவில்லை என்பதையும், கீழ்வீட்டுக் கதவுகள் ஒன்றிலும் பூட்டு இல்லை என்பதையும், உள்ளே விளக்கு சுவிட்சுகள்கூடக் கம்பால் தட்டும் உயரத்தில் இருப்பதையும், மாடி ஜன்னல்களில் மட்டும் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு தங்களைப் பார்ப்பதையும் அவள் ஒவ்வொன்றாக மனதில் குறித்துக்கொண்டே நடந்தாள். எல்லாவற்றுக்கும் மேல் அந்த வாடை. தண்ணீர் வடிந்த மறுநாள் எழுமே, சேறும் அழுகிய வேரும் நனைந்த சுண்ணாம்பும் கலந்த வாடை, அது உச்சி வெயிலிலும் சுவர்களிலிருந்து கசிந்தது. சந்துமுனையில் நின்று ஆற்றை எட்டிப் பார்த்தாள். படித்துறைக்கு இரண்டு ஆள் ஆழத்தில், அலுங்காமல் போய்க்கொண்டிருந்தது. மழை இல்லை. நீர்மட்டம் ஏறவும் இல்லை. பின்னே இந்த வாடை எங்கிருந்து வருகிறது?

மதியச் சாப்பாடு ஒரு பழைய கிடங்கில். தடித்த சுவர்கள், நீளமான மேசை, ஜில்லென்ற தரை. கூட்டம் பசியோடு உட்கார்ந்தது. பரிமாறியவர்கள் தட்டுகளை வைத்துவிட்டு மூலையிலிருந்த படிக்கட்டில் விறுவிறுவென்று ஏறிப் போனார்கள்.

சுவரில் ஒரு கோடு ஓடியது. ஆள் உயரத்துக்கு ஒரு முழம் மேலே, நான்கு சுவரிலும் நூல் பிடித்த மாதிரி. கோட்டுக்குக் கீழே சுவர் கறுத்திருந்தது. நாற்காலியில் ஏறி நின்று விரலை வைத்தாள்.

ஈரம்.

பாசி இன்னும் பச்சையாக, வழவழவென்று விரலோடு வந்தது. இது போன வருஷத்துக் கோடு இல்லை. போன வாரத்துக் கோடுகூட இல்லை.

"அக்கா, எழுந்திரு. கப்பலுக்குப் போயிடலாம்."

"எல்லாரும் பாக்குறாங்கடி, கீழ இறங்கு."

"சொன்னா கேளுக்கா. இங்க என்னமோ சரியில்ல."

"உனக்கு எங்கதான் சரியா இருந்துச்சு? கால் கழண்டு போகுது எனக்கு. ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு வரேன். நீ வேணா போய்க் காத்தாடிட்டு வா."

வழிகாட்டி சாப்பிட உட்காரவில்லை. படிக்கட்டில், அந்தக் கோட்டுக்கு மேலே, பார்த்துப் பார்த்து ஒரு படியில் உட்கார்ந்திருந்தான். அவள் அவனை நோக்கிப் போனாள். அவன் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டான்.

"மேல போறீங்களா? போங்க. அது உங்க இஷ்டம்."

மாடியில் ஊரே இருந்தது. சுவரோரமாக வரிசையாக, சத்தமில்லாமல், எதற்கோ காத்திருப்பவர்களைப் போல. கடைக்காரரும் இருந்தார். குழந்தைகளை மடியில் வைத்திருந்த அம்மாக்கள் அவர்களின் காதுகளை இரண்டு கையாலும் பொத்தியிருந்தார்கள்.

ஒருத்தி நகர்ந்து இடம் கொடுத்தாள். "உக்காருங்க. எப்பவும் ஒருத்தர் ரெண்டு பேர் மேல வந்துடுவாங்க."

"என்ன நடக்கப் போகுது?"

"எங்க ஆறு கரை தாண்டாதுன்னு சொன்னாங்கல்ல?" அவள் குரலில் கோபமில்லை, களைப்புதான் இருந்தது. "அது சும்மா நிக்குமாங்க? அதுக்கும் ஏதாவது குடுக்கணுமே."

ஜன்னல் வழியே ஆறு தெரிந்தது. அதே மட்டம். வெள்ளைக் கப்பல் வெயிலில் அசையாமல் நின்றது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கீழே கரண்டிச் சத்தம் நின்றுபோயிருந்தது. பேச்சும்.

"அக்கா!"

ஓடினாள். வழிகாட்டி தடுக்கவில்லை. அவன் கண்ணை மூடியிருந்தான். அவனைத் தாண்டி ஒரு படி. இன்னொரு படி.

நின்றாள்.

தரை காய்ந்திருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மேசை, தட்டுகள், சாப்பாடு எல்லாம் அப்படியே. எல்லோரும் அவரவர் நாற்காலியில்தான் இருந்தார்கள்.

வாசலிலிருந்து விழுந்த வெயில் தரையில் நெளிந்தது.

அவர்களின் தலைமுடி எழும்பி நின்றது. எல்லோருக்கும். மெதுவாக ஒரே பக்கம் சாய்ந்தது. மெதுவாக மறுபக்கம். ஒரு கைக்குட்டை யார் மடியிலிருந்தோ கிளம்பி, அவசரமில்லாமல் மேலே போனது.

இறங்கிய காலின் விரல்நுனியில் குளிர். காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

அக்கா திரும்பிப் பார்த்தாள். எழுந்தாள். குதிகால் தரையில் படவில்லை. தங்கையைப் பார்த்து ஒரு கையைத் தூக்கி, ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள்.

குரல் வரவில்லை. ஒரு குமிழி வந்தது. பெரிதாக, வெள்ளியாக, ஆடி ஆடி மேலேறியது. பின்னாலேயே இன்னொன்று. சின்னதாக மூன்றாவது.

அதற்குப் பிறகு வரவில்லை.

திறந்த வாய் திறந்தபடி இருந்தது. தூக்கிய கை மட்டும் முன்னும் பின்னும், முன்னும் பின்னும், அவளை வா வா என்று அசைந்துகொண்டே இருந்தது.