கவிழ்த்து வைத்த பாண்டா

காலை ஏழு மணி. செங்டு நகரின் பழைய குடியிருப்பில், மூன்றாம் மாடி வீட்டில், பெங் ஷுலியாங் மண்டை பிளந்து கிடந்தார். ஊறுகாய் ஜாடிக்குள் பாரம் வைக்கும் கல் அருகே கிடந்தது. அதில் ரத்தமும் நரைமுடியும் ஒட்டியிருந்தன. சுவரெல்லாம் தெறிப்பு. விழுந்த பிறகும் அடித்திருக்கிறான் கொலைகாரன்.

அலமாரியில் பெட்டி இல்லை. ஆண்டுதோறும் வெளியாகும், பாண்டா பொறித்த வெள்ளிக்காசுகளை ஒன்று விடாமல் அவர் சேர்த்து வைத்திருந்த பெட்டி.

உடலை முதலில் பார்த்து அலறியவள் எதிர்வீட்டு பு யுன். கையில் இனிப்பு உருண்டைக் கிண்ணம். செருப்பில் ரத்தம்.

காவல் ஆய்வாளர் தெங் லான் அவளை உட்கார வைத்தாள்.

“நேத்து இங்க வந்தியா?”

“ரெண்டு தரம் வந்தேன் மேடம். பாப்பாவுக்குக் காய்ச்சல் அனலாக் கொதிச்சுது. அவிச்ச முட்டைக்குள்ள வெள்ளிக்காசு வச்சு, துணியில கட்டி நெத்தியில உருட்டணும். எங்கிட்ட ஏது வெள்ளி? பெங் அண்ணன்தான் ஒரு காசை பிளாஸ்டிக் கூட்டுலேருந்து எடுத்துக் குடுத்தாரு.”

காவலர் ஹே சிரித்தார். “காசுமேல மூச்சுப் பட்டாலே பதறுற ஆளு, முட்டைக்குள்ள வைக்கக் குடுத்தாராக்கும்! நல்லா அளக்குறே.”

“சத்தியமா! முட்டை பட்டு பாண்டா பக்கம் கரியாக் கறுத்துப் போச்சு. அப்படியே எப்படிக் குடுக்கிறது? பச்சைப் பேஸ்ட் போட்டுத் தேச்சு, பளபளன்னு ஆக்கி, சாயங்காலம் குடுத்துட்டேன்.”

தெங் முகம் சுளித்தாள். “என்ன சொன்னாரு?”

“‘பாப்பா எப்படி இருக்கா’ன்னு கேட்டாரு.” அவள் உடைந்து அழுதாள். “என்னைக் கூட்டிட்டுப் போயிட்டா அவளுக்கு யாரு மேடம் இருக்கா?”

ஹே விலங்கை எடுத்தார்.

“பொறுங்க. பு யுன், அந்தப் பெட்டிய யாராவது விலைக்குக் கேட்டாங்களா?”

“ஷியாங் போ. அவரும் காசு சேர்க்கிறவரு. போன வாரம் இந்தக் கதவை உதைச்சிட்டுப் போனாரு.”

நண்பகல். ஷியாங் போவின் கட்டிலுக்கடியில் ஒரு பெட்டி இருந்தது.

“இது என்னோடது. பாண்டாவை பெங் மட்டுந்தான் சேர்க்கணுமா? இதுல ஒரு காசையும் மனுஷக் கை தொட்டதில்ல. காசு அடிக்கிற ஆலையில மூடினபடியே இருக்கு. போயி அந்தப் பொம்பளைய நாலு தட்டுத் தட்டுங்க.”

தெங் பெட்டியைத் திறந்தாள். வரிசை வரிசையாக மூங்கில் தின்னும் பாண்டாக்கள். ஒரு காசு மட்டும் கவிழ்ந்து, மறுபக்கத்துக் கோயிலைக் காட்டியது. அதன் கூட்டைத் திறந்து புரட்டினாள். பாண்டாவின் மூக்கு மழுங்கியிருந்தது. முகமெங்கும் கீறல். மூங்கில் இலைகளின் இடுக்கில் பச்சையாக ஏதோ காய்ந்திருந்தது.

“காசு சேர்க்கிறவன் எவனாவது பேஸ்ட் போட்டுத் தேய்ப்பானா ஷியாங்?”

அவன் தேநீர்க் கெண்டியை எடுத்து ஹேயின் வாயில் அறைந்தான். உதடு கிழிந்தது. ஹே அவனைத் தரையோடு அமுக்கினார்.

“காசு காசாக் கொட்டுறேன்னேன்! ஒண்ணுகூடத் தரலியே அவன்!” ஷியாங் ஊளையிட்டான்.

“குழந்தைக்கு சும்மாவே குடுத்தாரு,” என்றாள் தெங்.

வண்டியில் ஹே துணியால் உதட்டைப் பொத்திக்கொண்டு கேட்டார்: “அந்த ஒண்ணை மட்டும் பெங் ஏன் மேடம் கவுத்து வச்சாரு?”

“தேச்சா காசு பாழாயிடும்னு பு யுனுக்குத் தெரியாது. மத்த காசுகளோட பாத்தா தெரிஞ்சிடும், மனசு நொந்துடுவா. அதான். நிமித்தி வச்சிருந்தா ஷியாங் கண்ணுல பட்டிருக்கும், எங்கேயாவது வீசியிருப்பான். நாம அவளை உள்ள தள்ளியிருப்போம்.”

“அவ வீட்டுக்குப் போயிட்டுப் போலாம் மேடம்,” என்றார் ஹே.

“அவகிட்ட இதைச் சொல்ல வேணாம்,” என்றாள் தெங்.

பு யுன் கதவைப் பாதி திறந்தாள். வாசலில் ஹே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“பாப்பா எப்படி இருக்கா?” என்று கேட்டார்.