சிவப்புப் பொட்டு வைத்த டை

"சார், சாயங்காலத்துக்குள்ள எங்க ஊட்டுக்காரரைப் போலீஸ்ல குடுத்துடுவாங்களாம்," என்று சொல்லும்போதே ரோசம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது.

கவரைப்பேட்டையில் விபத்துகளைத் துப்பறியும் இன்சூரன்ஸ் சர்வேயர் வீரராகவன் நாற்காலியைக் காட்டினார். உதவியாளர் ரமீஸா அதற்குள் பைக் சாவியை எடுத்துவிட்டாள். கேஸ் என்றால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

முந்தின நாள் கும்மிடிப்பூண்டி தொழிற்சாலை ஒன்றில் மின் பேனல் வெடித்து, பீட்டர் என்ற தொழிலாளி வெந்துபோய் ஆஸ்பத்திரியில் கிடந்தான். பேனலுக்குக் கேபிள் இணைத்தவர் ரோசம்மாளின் கணவர் சின்னராசு.

ரோசம்மாளோடு இருவரும் தொழிற்சாலைக்குப் போனபோது, ஸ்டோரில் ஃபோர்மேன் வரதன் முந்திக்கொண்டார். "இவன்தான் சார் காரணம். சிவப்பு மெஷின்ல நீல மெஷினோட டையை மாட்டிக்கினான். கம்பெனி வேற, அளவு சேருமா? லக் லூசாகி சூடேறிடுச்சு."

"இல்ல சார், பொட்டு பாத்துதான் மாட்னேன்," என்றார் சின்னராசு.

கேபிள் நுனியில் லக் என்ற செம்பு முனையைச் செருகி, டை என்ற இரண்டு இரும்பு அச்சுகளுக்கு நடுவே வைத்து அமுக்கும் மெஷின்கள் அவை. இரண்டும் வெவ்வேறு கம்பெனி. டைகள் கலந்துவிடாதிருக்க, அந்தந்த மெஷினின் நிறத்திலேயே பெயின்ட் பொட்டு வைப்பது அங்கே வழக்கம். சிவப்பு மெஷினில் இன்னும் மாட்டியிருந்த டையில் சிவப்புப் பொட்டுதான் இருந்தது.

"அப்போ டை சரிதானே சார்!" என்று ரமீஸா குதித்தாள்.

வீரராகவன் பொட்டை நகத்தால் சுரண்டினார். சிவப்பு உரிந்தது. அடியில் பழைய நீலம் தெரிந்தது.

"யார் சார் பூசினது?" என்றாள் ரமீஸா.

"அவரே சொல்லிட்டாரே. வெடிச்ச லக் உருகிப்போச்சு, அதைப் பாத்து எந்த டைன்னு சொல்ல முடியாது. நான் சுரண்டற வரைக்கும் எல்லார் கண்ணுக்கும் இது சிவப்பு டை. அடியில நீலம்னு பூசினவருக்குத்தானே தெரியும், வரதன்?"

வரதன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "சிவப்பு டை போன வாரம் என் கையாலதான் விழுந்து விரிசல் வுட்டுச்சு சார். சொன்னா மேனேஜர் வேலையை உட்டுத் தூக்கிடுவாரு. நீலத்துலயும் அதே அளவு நம்பர் இருந்துச்சு, அழகா உக்காந்துச்சு. அதுமேல சிவப்பைப் பூசிட்டேன். ஒத்துக்கும்னு நெனைச்சேன்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ரமீஸாவுக்கு வந்த கோபத்தில் அவள் எதையாவது சொல்லியிருப்பாள். வீரராகவன் கை காட்டி நிறுத்தினார்.

"போன வாரத்துல இருந்து இந்த டையால அமுக்கின லக் வேற எங்கே இருக்கு?"

வரதன் தலையைத் தூக்கினார். "ரெண்டாம் ஷெட் பேனல்ல... இப்போ ஓடிக்கினு இருக்கு. உள்ள எட்டு பேரு..."

சின்னராசு அதற்குள் அந்த ஷெட்டை நோக்கி ஓடத் தொடங்கியிருந்தார்.

"போவாதய்யா!" என்று ரோசம்மாள் அலறினாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சற்று நேரத்தில் அவர் மெயின் ஸ்விட்சை அணைக்க, மெஷின்களின் இரைச்சல் நின்றது. எட்டுப் பேரும் எதற்கென்று தெரியாமல் முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்தார்கள். வீரராகவன் பேனலைத் திறந்து பார்த்தார். லக்குகள் கருகத் தொடங்கியிருந்தன.

கடைசியாகச் சின்னராசு வந்தார். "இன்னா மனுசன்யா நீ!" என்று ரோசம்மாள் அவர் மார்பில் அடித்து அடித்து அழுதாள்.